கடைசி முப்பது நாட்கள்

ஜனவரி 13

அன்புள்ள லேட்டு,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இந்த வீட்டின் இரண்டு அறைகளில் எங்கே நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடும். அத்தனை வருடம் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குக் காது மட்டும் இன்னும் இளமையாகவே இருக்கிறது.

நேற்றுக் காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கதவுக்கு வெளியே நின்று அறிவிப்பைத் தொடங்கினார். உனக்குத் தெரியாததா? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறையிலிருந்து பல் ஆஸ்பத்திரி நோக்கிச் செல்லவேண்டிய எக்ஸ்பிரஸ், தண்ணீர்ச் செலவு காரணமாகக் காலதாமதமாகப் புறப்படும்." இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் சிரிப்பார். நேற்று "பயணிகளின் கனிவான" என்பதோடு நின்றுவிட்டது. நான் தலையில் நுரையோடு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் "கவனத்திற்கு" வந்தது. அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்.

"என்னப்பா, வண்டி நின்னுடுச்சா?"

"சிக்னல் கிடைக்கலம்மா."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் கிளினிக்கில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களின் பெயர்களை நான் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நுரையீரல் மெல்ல இறுகும் நோய் என்று டாக்டர் சொன்னபோதே இதெல்லாம் வரும் என்று தெரியும். தினமும் ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று குறித்து வைக்கச் சொன்னார், குறைய ஆரம்பித்தால் உடனே கூட்டிவரச் சொன்னார். ஜூனிலிருந்து ஒரு நாள் விடவில்லை. அப்பா எண்ணுகிறார், நான் பையைத் தோளில் மாட்டியபடியே நீ செய்து கொடுத்த டாஷ்போர்டில் அந்த எண்ணைப் போட்டுவிட்டுப் படியிறங்குகிறேன். கூடத்துச் சுவரில் மாட்டிய டேப்லெட்டில் ஒரு புள்ளி விழுகிறது. மேலே பச்சைக் கட்டம். "மாற்றமில்லை."

எனக்கு மாற்றம் தெரிகிறது. சட்டைப் பொத்தானை இரண்டு தவணையாகப் போடுகிறார். சாப்பிடும்போது பேசுவதில்லை, நம் அப்பா, சாப்பிடும்போது! ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். படித்து முடித்ததும் டாஷ்போர்டைத் திறந்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகு அது பச்சையாக இருக்காது என்றே நினைத்தேன். பச்சையாகத்தான் இருந்தது. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன், ஆனால் நிம்மதியாக நடந்து திரும்பினேன்.

அது எப்படி முடிவு செய்கிறது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. கடைசி முப்பது நாட்களின் சராசரியை எடுக்கிறது. அதற்கு முந்தைய முப்பது நாட்களின் சராசரியோடு வைத்துப் பார்க்கிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மஞ்சள், இல்லையென்றால் பச்சை. யாருடைய மூச்சும் தினமும் ஒரே அளவாக இருக்காது. ஒருநாள் குறைந்ததற்கெல்லாம் பயந்தால் வாழ முடியாது என்றுதான் அப்படி வைத்தேன். நாள் நகர நகர அந்த முப்பது நாள் ஜன்னலும் தானே நகரும். நீ எந்தத் தேதியையும் தொட வேண்டாம். இங்கே நாங்கள் குளிர்பதனக் கிடங்குகளுக்குச் செய்து கொடுப்பதும் இதே முறைதான். எங்கள் மேலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்: "திறந்தா இன்னைக்கு நிலவரம் தெரியணும். பழைய கதை யாருக்கு வேணும்?"

கோபித்துக்கொள்ளாதே. நீ நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்து அவரையும் பார்த்துக்கொள்கிறாய். சோர்ந்த கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் பெரிதாகத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்காக எண்ணினாரே, எவ்வளவு தெளிவாக இருந்தது! நாற்பதைத் தொடும்போது "அடுத்த எண் வந்துகொண்டிருக்கிறது" என்று வேறு சேர்த்துக்கொண்டார். மூச்சு முட்டுகிறவர் அப்படி விளையாடுவாரா?

மார்ச் கடைசியில் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகிறது. அதுவரை யாருக்கும் விடுப்பு கிடையாது. ஏப்ரலில் மூன்று வாரம் முழுதாக வந்து உன்னை உட்கார வைத்து நான் சமைக்கிறேன். அப்பா அதையும் அறிவிக்கட்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 3

லேட்டு,

சோர்ந்த கண் பற்றி எழுதியிருந்தாய். நன்றி. கண்ணைப் பற்றிக் கவலைப்பட எனக்கும் ஓர் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று நான் வேலையிலிருந்து வரும்போது அப்பா இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறார். அப்பா கடைக்குப் போய் ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "இந்த வண்டி... எல்லா நிலையங்களிலும்... நின்று செல்லும்" என்றார். கீழ்வீட்டுக்காரர் சிரித்தார். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"எதுக்கு? அடுத்த மாசம்தானே வரச் சொன்னார்?"

"இப்படிப் படியில உக்காந்தா?"

"சின்னவ போர்டே நல்லா இருக்குன்னு சொல்லுது. டாக்டர் அதுக்கு மேல என்னத்தச் சொல்லப்போறார்? அவ படிச்ச படிப்புக்கு மரியாதை இல்லையா?"

உன் பச்சைக் கட்டத்தைக் காட்டித்தான் என்னை அடக்குகிறார். இதை எழுதும்போதும் அது எனக்கு நேர் எதிரே எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு துண்டைப் போட்டு மூடிவிடலாமா என்று வருகிறது.

என்னை நம்பு என்று கேட்கவில்லை. வந்து உன் கண்ணால் பார் என்றுதான் கேட்கிறேன். உன் கண் சோராத கண்.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

நான் எழுதிய அந்த வரி தப்பு. மன்னித்துக்கொள்.

மேலாளரிடம் பேசினேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் கொடுத்தார். மார்ச் 9 டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு வாரம்தான், இருந்தாலும் வருகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. குறித்த நாளைத் தாண்டிப் பிறந்ததற்காக எனக்கு லேட்டு என்று பெயர் வைத்தாரே, முதல் தடவையாக ஏப்ரலில் வரவேண்டியவள் மார்ச்சிலேயே வந்து நிற்கிறேன். வாசலில் நின்று நானே அறிவிக்கிறேன். "நேரத்துக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துள்ளது" என்று அவர் வாழ்நாளில் எந்த வண்டிக்காவது சொல்லியிருப்பாரா?

டாஷ்போர்டை மறுபடியும் பார்த்தேன். கணக்கில் பிழை எதுவும் இல்லை, அக்கா. உன்னைப் பொய்யாக்க எழுதவில்லை. எனக்கு உன் கண்ணும் சரியாகப் படுகிறது, என் கணக்கும் சரியாகப் படுகிறது, இரண்டையும் ஒன்றாக எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. எதற்கும் டாக்டரிடம் கூட்டிப் போ. பச்சையைக் காட்டினால், நான்தான் சொன்னேன் என்று சொல்.

தங்கை


மார்ச் 6

அக்கா,

நீ போனை எடுக்கமாட்டாய் என்பது புரிந்துவிட்டது. அதனால் பழையபடி கடிதம். இனி நாம் பேசினால் கேட்டுவிடுவதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

அப்பா போன அன்று நீ செய்ததைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நான் பெட்டியோடு உள்ளே வந்தேன். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் அத்தனை பேர். நீ அழுவாய் என்றோ என்னைக் கட்டிக்கொள்வாய் என்றோ நினைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அவர் காலருகே இழுத்துக்கொண்டு போய், டேப்லெட் முன்னால் நிறுத்தினாய். "பச்சையா இருக்கு பாரு" என்றாய். அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அது பச்சையாகத்தான் இருந்தது.

மார்ச் 9 டிக்கெட்டை இன்று ரத்து செய்தேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நாலைந்து காரணம் கொடுத்திருக்கிறார்கள். பயணி ஏற்கனவே போய்விட்டு வந்துவிட்டாள், ஆனால் வேறு நாளில், வேறு விதமாக என்பது அதில் இல்லை. "மற்றவை" என்பதை அழுத்தினேன்.

நேற்று டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. கணக்கை உன் பெயரில் தொடங்கியவள் நான்தான். தினமும் எண் போடுகிறவள் நீ, அது உன்னுடையதாக இருக்கட்டும் என்று. எடுத்துவிட்டதற்காக எதுவும் கேட்கவில்லை. நீ என் பெயரைத் தேடி நீக்கியிருக்கிறாய் என்றால், அன்று அதன் முன்னால் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருக்கிறாய். சாப்பிட்டாயா என்று மட்டும் எழுது.

தங்கை


மார்ச் 14

இது உன் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது, கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

அந்த டேப்லெட்டை நான் அணைக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. தினமும் காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால் இடது ஓரத்தில் ஒரு புள்ளி காணாமல் போயிருக்கிறது. முதலில் நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் காத்திருந்து பார்த்தேன். தினமும் ஒன்று போகிறது. வலது பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. இப்போது மிச்சம் இருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நடைமேடையின் கடைசியில் ஒதுங்கி நிற்கிறவர்களைப் போல இடது விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்னும் ஒரு வாரம் போனால் ஒன்றும் இருக்காது.

அவை ஒவ்வொன்றும் அப்பா எதிரே நின்று எண்ணி, நான் போட்டது. யார் அழிக்கிறார்கள்? எப்படி நிறுத்துவது?

மன்னிப்பெல்லாம் எழுதாதே. உனக்கு அனுமதி தரவும் மாட்டேன், நீ கை வைக்கவேண்டாம். வழியை மட்டும் சொல். நானே செய்துகொள்கிறேன். பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

இன்னொன்று. அந்தக் கட்டம் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. "மாற்றமில்லை" என்று.


மார்ச் 15

அக்கா,

எதுவும் அழியவில்லை. இதை முதலில் படித்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துகொள். நீ போட்ட ஒவ்வொரு எண்ணும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. முதல் நாளிலிருந்து. டாஷ்போர்டு ஒரு ஜன்னல்தான். அது எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கி முப்பது நாளை மட்டும் காட்டும்படி நான் வைத்துவிட்டேன். இன்று என்பது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அப்பா நகரவில்லை. அதனால் ஜன்னல் அவரைக் கடந்து போகிறது.

டேப்லெட்டில் வேண்டாம், கணினியில் திற. மேலே "திருத்து" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வலது பக்கம் ஃபில்டர்கள், அதாவது எதை மட்டும் காட்டவேண்டும் என்ற நிபந்தனைகள், வரும். அதில் தேதி என்பதற்கு நேரே "கடைசி 30 நாட்கள்" என்று இருக்கும். அதை நீக்கிவிடு. நீக்கும்போது "நிச்சயமாகவா?" என்று கேட்கும். பயப்படாதே, ஜன்னல் சட்டத்தைத்தான் கழற்றுகிறாய், வெளியே இருப்பதை இல்லை.

அடுத்து, இரண்டு பாராமீட்டர் உருவாக்கு. பாராமீட்டர் என்றால் நாம் சொல்கிற மதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு காலிப் பெட்டி, வேறொன்றும் இல்லை. இரண்டுக்கும் வகை "தேதி". ஒன்றுக்குத் தொடக்கம் என்று பெயர் வை, மற்றதற்கு முடிவு. திறந்ததும் என்ன தேதி இருக்கவேண்டும் என்று கேட்கும். தொடக்கத்துக்கு "தரவில் உள்ள முதல் தேதி" என்று கொடு. முடிவுக்கு அது தானாகவே "இன்று" என்றுதான் காட்டும். அதை மாற்றி "தரவில் உள்ள கடைசித் தேதி" என்று கொடு. அப்புறம் ஒரே ஒரு விதி: ஒரு பதிவின் தேதி தொடக்கத்துக்கு முன்பாகவோ முடிவுக்குப் பின்பாகவோ இருக்கக்கூடாது. கீழே வரிசையில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கடைசியாக இரண்டு பெட்டிகளுக்கும் "திரையில் காட்டு" என்பதை அழுத்து. டாஷ்போர்டின் மேல் ஓரத்தில் இரண்டு தேதிகள் வந்து உட்காரும். எப்போது வேண்டுமானாலும் நீயே நகர்த்தலாம்.

பச்சைக் கட்டத்தை வலது கிளிக் செய்து நீக்கிவிடு. அதற்கு நான் வழி சொல்லித் தரவேண்டியதில்லை.

இதற்கு மேல் எழுதாமல் அனுப்பிவிடலாம் என்று இருந்தது. முடியவில்லை. தொடக்கத்தை முதல் நாளுக்குத் தள்ளியதும் முழுக்கோடும் ஒன்றாகத் தெரியும். எனக்கு இப்போது பார்க்க அனுமதி இல்லை, ஆனால் அது எப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவை நான் எப்போதும் போன மாதத்து அப்பாவோடுதான் வைத்துப் பார்த்தேன். அவர் மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைந்தார், போன மாதமும் கூடவே குறைந்துகொண்டு வந்தது. முதல் நாள் அப்பாவோடு ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. வேலையில் வருகிறவர்கள் எல்லாம் தேதிகளை நகர்த்தும் வசதி கேட்பார்கள், அவர்களுக்கு உடனே செய்து தருவேன். வீட்டுக்கு வேண்டாம், அக்காவுக்குக் குழப்பமாக இருக்கும் என்று விட்டேன்.

பார்த்த பிறகு நீ என்னை என்ன சொன்னாலும் சரிதான். ஆனாலும் செய். புள்ளிகளுக்காகச் செய்.

தங்கை


மார்ச் 18

செய்துவிட்டேன்.

உடனே வரவில்லை. முதலில் தொடக்கத்தில் பிப்ரவரியும் முடிவில் ஜூனும் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. திரை முழுக்க வெள்ளை. "இந்தக் காலத்தில் தரவு எதுவும் இல்லை." கிளினிக் கணினியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய்விட்டே அழுகை வந்துவிட்டது. டாக்டர் உள்ளேயிருந்து ஓடி வந்து, "என்னம்மா, பல்லா?" என்று கேட்கிறார். ஆமாம் டாக்டர், பல்தான் என்றேன். வேறென்ன சொல்வது? நாற்காலியில் உட்காரவைத்து விளக்கை அடித்து வாய் முழுக்கப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்று குழம்பிப்போனார். வீட்டுக்கு வந்து தேதிகளை மாற்றிப் போட்டேன். எல்லாம் வந்துவிட்டன.

நீ சொன்னது போலத்தான் இருக்கிறது. மாடிப்படி மாதிரி இல்லை, சாய்வுப் பாதை மாதிரி. எந்த இடத்திலும் விழவில்லை. இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஜூனில் எங்கே இருந்தார், பிப்ரவரியில் எங்கே வந்தார் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். இடது முனையில் ஒரு விரலையும் வலது முனையில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு நின்றேன். உன்மேல் வந்த கோபத்தில் டேப்லெட்டைச் சுவரிலிருந்து பிடுங்கப் போனேன். பிடுங்கியிருந்தால் புள்ளிகளும் போயிருக்குமோ என்று விட்டுவிட்டேன். போகாது என்று இப்போது தெரியும், இருந்தாலும்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. எல்லாப் புள்ளிகளும் இறங்கிப் போகின்றன, ஆனால் சில மட்டும் இறங்காமல் மேலேயே நிற்கின்றன. ஜூனில் மற்றவற்றோடு கலந்துதான் இருக்கின்றன. போகப் போகத் தனியாகப் பிரிந்து, மேலே ஒரு வரிசையாக, கொடியில் உட்கார்ந்த பறவைகளைப் போல இடைவெளி விட்டு விட்டு. முப்பது நாள் மட்டும் தெரிந்தபோது அங்கொன்று இங்கொன்றாக இருந்தன, நான் கண்டுகொண்டதே இல்லை.

அவசரத்தில் நான் தப்பாகப் போட்டுவிட்டேனா?

அக்கா


மார்ச் 20

அக்கா,

நீ எதையும் தப்பாகப் போடவில்லை. அவற்றில் ஒன்றின்மேல் விரலை வைத்துப் பார், தேதி வரும். நாட்காட்டியோடு வைத்துப் பார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

மற்ற நாட்களில் உன் எதிரே எண்ணினார். ஞாயிறுகளில் போனில் எனக்கு எண்ணினார். நீ அதைக் கேட்டுப் போட்டாய்.

உன் கடிதம் வந்ததிலிருந்து வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஞாயிறுகளில் நான் கேட்ட எண்களையும் நீ எழுதிய சாய்வையும் வைத்து இங்கே ஒரு தாளில் உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறுகள் இல்லாமல் இருந்திருந்தால் குறைந்த அளவு பத்தில் ஒன்றைத் தாண்டியிருக்கும். நவம்பரிலோ டிசம்பரிலோ மஞ்சள் விழுந்திருக்கும். நீ மஞ்சளைக் காட்டி அவரை டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாய். நான் மஞ்சளைப் பார்த்துக் கிளம்பியிருப்பேன். வாரம் ஒரு ஞாயிறு மற்ற ஆறு நாட்களையும் தூக்கிப் பிடித்திருக்கிறது.

நான் போன் செய்ததால்தான், அக்கா. அவர் குரல் நன்றாக இருக்கிறதே என்று நான் நம்பியதும் அதே போனில்தான். கடைசி மாதங்களில் நான் புள்ளிகளைக்கூடப் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காதால் கேட்டதைத் திங்கட்கிழமை பச்சை உறுதி செய்தது. அவ்வளவு போதுமாக இருந்தது எனக்கு.

அந்த நாட்களில் அவரால் எப்படி முடிந்தது? உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் வேண்டாம்.

தங்கை


மார்ச் 29

லேட்டு,

எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இன்று ஞாயிறு, வீடு தாங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அப்பா என்னிடம் பேசமாட்டார். அறிவிப்பு கிடையாது, பாட்டு கிடையாது, நான் ஏதாவது கேட்டால் தலையாட்டல்தான். எனக்கு விடுமுறை கிடைக்கும் ஒரே நாள், அன்று பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும். "வாரம் பூரா உங்களுக்கு ஓடறேன், ஒரு நாள் என்கூடப் பேசினா என்ன குறைஞ்சுடும்?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். சிரித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். உன் போன் வர இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்கிறார் என நினைத்தேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன், பாதிதான் புரிந்திருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோளைத் தளர்த்தி, மூச்சைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் பெரிய அறிவிப்புக்கு முன்னால் மைக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாரே, அதே உட்காரல். உன்னிடம் எண்ணி முடித்து, சிரித்து, போனை வைத்ததும் படுத்துவிடுவார். சாயங்காலம் வரை எழுந்திருக்கமாட்டார். நல்ல தூக்கம் என்று நான் போர்வையைப் போர்த்திவிட்டு என் துணிகளைத் துவைத்துக்கொண்டிருப்பேன்.

ஆக, உனக்கு எண்ணைக் கொடுத்தார், எனக்கு மௌனத்தைக் கொடுத்தார். இரண்டு பேருமே அதைத் தப்பாகப் படித்தோம்.

டாக்டரிடம் போனேன், கடைசிவரை அப்பா வர மறுத்த அதே டாக்டரிடம். இரண்டு மூன்று மாதம் முன்னால் கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வியாதி நின்றிருக்காது. வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கலாம். இன்னும் கொஞ்ச காலம், கொஞ்சம் சிரமமில்லாமல் இருந்திருப்பார்." உனக்கு ஆறுதலாக வேறு ஏதாவது மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எனக்கு வராது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் இப்போதைக்கு வரவில்லை. அந்தக் கொஞ்ச காலத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆனால் நீ போன் செய்ததால்தான் என்று எழுதியிருந்தாயே, அதைத் திருப்பி எடுத்துக்கொள். எட்டு மாதத்தில் அவர் உற்சாகமாக இருந்த நாட்கள் அவைதான். திரையிலேயே தெரிகிறது, மேல் வரிசை. அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு மஞ்சள் விழுந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லலாமா என்று யோசித்தும் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

உன் பெயரை மறுபடியும் சேர்த்துவிட்டேன். பார்க்க மட்டும்தான். மாற்ற முடியாது.

திறந்தால் ஒன்று கவனிப்பாய். முடிவுத் தேதிக்கு நீ சொன்னதை நான் வைக்கவில்லை. "தரவில் உள்ள கடைசித் தேதி" என்று போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க அவர், கோடு வலது சுவரில் மோதி நின்றுவிட்டது. அங்கேயே நானும் முட்டிக்கொண்டு நின்றேன், இரண்டு நாள். அப்புறம் அதை "இன்று" என்றே மாற்றிவிட்டேன். தொடக்கம் அப்படியே முதல் நாள்தான். இப்போது புள்ளி எதுவும் போவதில்லை. தினமும் வலது பக்கம் ஒரு நாள் அளவுக்கு வெள்ளை கூடுகிறது, அப்பா இடது பக்கம் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து இடம் விடுகிறார். பேருந்தில் நமக்காக ஒதுங்குவாரே, அந்த மாதிரி.

அந்த வெள்ளை அவரைவிட அகலமாவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ. இன்னும் நிறைய நாள் இருக்கிறது. நீ லேட்டாகவே வரலாம்.

அக்கா